பால்வாடியில் பிள்ளைகள் குறைந்துவிட்டார்களா? எண்ணிப் பார்க்கும் முறை

"எங்க ஏரியா பால்வாடியில பத்துப் பிள்ளைகூட இல்லைங்க, அதுக்கு எதுக்கு ஒரு டீச்சர், ஒரு ஆயா?" திருப்பூரில் டீக்கடையிலும் வார்டு கூட்டத்திலும் இந்தப் பேச்சை அடிக்கடி கேட்கிறேன். பக்கத்தில் இருப்பவர் உடனே, "எல்லாரும் இங்கிலீஷ் மீடியத்துக்குப் போயிட்டாங்க, அவ்வளவுதான்" என்பார். பேச்சு அதோடு முடிந்துவிடும். அந்தப் பத்து என்ற எண்ணை வைத்துக்கொண்டு ஊரில் குழந்தைகள் குறைந்துவிட்டார்கள், மையம் சரியில்லை, ஜனங்களிடம் காசு வந்துவிட்டது, மூடிவிடலாம் என்று நான்கு விதமான முடிவுக்கு ஆட்கள் போய்விடுகிறார்கள். ஒரே எண் இத்தனை முடிவைத் தாங்காது.

என் சித்தி அங்கன்வாடிப் பணியாளர். கணக்கெடுப்புக்கு அவர் தெருத்தெருவாகப் போகும்போது பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு நானும் சில வருடம் கூடவே நடந்திருக்கிறேன். அப்படி நடந்துதான் இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று எனக்குப் புரிந்தது. புதிதாகக் கேட்பவருக்கும் விளங்கும்படி அதைச் சொல்லிப் பார்க்கிறேன்.

எந்த மையம், எந்த வயது

பால்வாடி என்று நாம் சொல்வதும், பலகையில் குழந்தைகள் மையம் என்று எழுதியிருப்பதும், அரசாணையில் அங்கன்வாடி என்று வருவதும் ஒன்றுதான். ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று நாடு முழுக்க 33 வட்டாரங்களில் தொடங்கியது. அதன் கீழ்தான் இந்த மையங்கள் வருகின்றன. தமிழ்நாட்டில் 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டம் வந்தபோது, முதலில் கிராமப்புறங்களில் 2 முதல் 5 வயதுக் குழந்தைகளுக்கும் மதியச் சோறு போட ஆரம்பித்தார்கள். இன்று மாநிலத்தில் 54,000-க்கு மேல் மையங்கள். அதில் குறு அங்கன்வாடிகளும் அடக்கம், அதாவது சின்னக் குடியிருப்புகளுக்கென்று ஆரம்பித்தவை.

ஒரு மையத்தில் பதிவாகிறவர்கள் எல்லாரும் அங்கே வந்து பாயில் உட்காருவதில்லை. கர்ப்பிணிகளும், பாலூட்டும் தாய்மாரும், 2 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளும் சத்துமாவுக்காகவும் எடை பார்க்கவும் பதிவாகியிருப்பார்கள். தினமும் வந்து பாடி, விளையாடி, சாப்பிட்டு, மதியம் தூங்கிப் போகிறவர்கள் 2 வயது முடிந்தவர்கள் மட்டுமே. அந்த முன்பருவக் கல்விப் பிள்ளைகளைப் பற்றித்தான் இங்கே பேசப் போகிறேன். "60 பேர் பதிவு, ஆனா உள்ளே 15 பேர்தான்" என்று படம் எடுத்துப் போடுகிறவர்கள் பாதி நேரம் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டிருப்பார்கள்.

பந்தியில் எத்தனை இலை விழுந்தது

கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்து "100 இலை விழுந்தது" என்று ஒருவர் சொல்கிறார். கூட்டம் நல்ல கூட்டமா, இல்லையா? 120 பேரை அழைத்திருந்தால் நல்ல கூட்டம். 600 பேரை அழைத்திருந்தால் பெண் வீட்டார் மனசு கஷ்டப்பட்டிருக்கும். எத்தனை பேரை அழைத்தார்கள் என்று தெரியாமல் இலைக் கணக்கு மட்டும் தெரிந்து பயனில்லை.

அங்கன்வாடிக்கும் இதே கணக்குதான். அழைக்கப்பட்டவர்களின் பட்டியல் என்பது அந்த மையத்தின் சேவைப் பகுதியில் குடியிருக்கும், வயது பொருந்தும் குழந்தைகள் எல்லாரும். சேவைப் பகுதி என்றால் இந்தத் தெருவிலிருந்து அந்தத் தெரு வரை என்று மையத்துக்கு ஒதுக்கிய எல்லை. பொதுவாக 400 முதல் 800 பேர் வசிக்கும் பகுதிக்கு ஒரு மையம் என்பது விதி. மலைப்பகுதி, பழங்குடிக் குடியிருப்பு என்றால் 300 பேருக்கே ஒன்று வைக்கலாம்.

அந்தப் பட்டியலில் எத்தனை பேரின் பெயர் மையத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்பது சேர்க்கை. இன்று காலை எத்தனை பேர் வந்தார்கள் என்பது வருகை. சேர்க்கையைப் பகுதியின் மொத்தக் குழந்தைகளால் வகுத்தால் வருவது சேர்க்கை விகிதம். டீக்கடையில் நம் காதில் விழும் "பத்துப் பிள்ளை" பெரும்பாலும் யாரோ ஒரு நாள் எட்டிப் பார்த்தபோது கண்ணில் பட்ட வருகை. அதை வைத்துச் சேர்க்கையைச் சொல்ல முடியாது, சேர்க்கை விகிதத்தைச் சொல்லவே முடியாது.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால், வந்தவர்கள், பெயர் எழுதியவர்கள், பகுதியில் இருப்பவர்கள் என்று மூன்று தனித்தனி எண்கள் இருக்கின்றன. யாராவது ஒரு எண்ணைச் சொன்னால், இது மூன்றில் எது என்று முதலில் கேளுங்கள்.

யாரும் வெளியே போகாமலே பாதியாவது எப்படி

இதில் எனக்கே நம்பிக்கை வர நேரமெடுத்த விஷயம் ஒன்று உண்டு.

பிறப்பு விகிதம் என்பது 1,000 பேர் உள்ள இடத்தில் ஒரு வருடத்தில் பிறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை. 1980களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் இது 28-ஐ ஒட்டி இருந்தது. 2020-ல் 13.8. இந்த இரண்டையும் ஒரு மையத்துக்குப் போட்டுப் பாருங்கள். 800 பேர் உள்ள பகுதி. அன்றைக்கு வருடத்துக்கு சுமார் 22 குழந்தைகள். 2, 3, 4 வயது என்று மூன்று வருடத்துப் பிள்ளைகளைச் சேர்த்தால் 66, 67 பேர். இன்றைக்கு வருடத்துக்கு 11. மூன்று வருடத்துக்கு 33.

ஜனத்தொகை அதே 800-தான். ஒரு பிள்ளைகூட தனியார் பள்ளிக்குப் போகவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். சேர்க்கை விகிதம் அன்றும் நூற்றுக்கு நூறு, இன்றும் நூற்றுக்கு நூறு. ஆனாலும் பாயில் உட்கார்ந்திருக்கும் தலைகள் பாதியாகிவிட்டன. "அந்தக் காலத்துல இந்தக் கட்டடம் நிறைஞ்சு வழியும்" என்று பெரியவர்கள் சொல்வது உண்மைதான், அவர்கள் கண்ணால் பார்த்தது. அதற்குக் காரணம் என்று அவர்கள் சொல்வது மட்டும்தான் பல நேரம் தப்பு. குடும்பத்துக்கு மூன்று, நான்கு என்று பெற்ற காலம் போய் ஒன்று, இரண்டு என்று ஆனதன் நேரடி விளைவு இது. அதுவும் நாமே விரும்பி எடுத்த முடிவு. தாய்மாரின் உடம்புக்கும், பிழைத்து வளரும் பிள்ளைகளுக்கும் அதனால் நல்லதுதான் நடந்திருக்கிறது.

அந்த 33 பேரில் பாதிப் பேர் தனியார் எல்.கே.ஜி.க்குப் போகிறார்கள் என்றால் மிச்சம் 16. இப்போது "67 எங்கே, 16 எங்கே, முக்கால்வாசிப் பேர் ஓடிவிட்டார்கள்" என்று ஒருவர் சொன்னால் அது சரியா? காணாமல் போன 51 பேரில் 34 பேர் பிறக்கவே இல்லை. வெளியே போனவர்கள் 17 பேர். இரண்டுக்கும் வேறு வேறு காரணம், வேறு வேறு பதில். பிறக்காத பிள்ளைக்காக டீச்சரைத் திட்டி என்ன ஆகப்போகிறது?

இது மாநிலச் சராசரியை வைத்துப் போட்ட கணக்கு, உங்கள் தெருவின் கணக்கு இல்லை. 2001-க்கும் 2011-க்கும் இடையில் தமிழ்நாட்டின் ஜனத்தொகை 15.6 சதவீதம் கூடியது. திருப்பூர் மாவட்டத்தில் 29 சதவீதத்துக்கு மேல் கூடியது, நீலகிரியில் 3.5 சதவீதம் குறைந்தது. ஒரே மாநிலம், ஒரே விதி, பேருந்தில் அரை நாளில் போய்வரும் தூரம். ஒரு பக்கம் மையத்துக்கு இடம் போதவில்லை, இன்னொரு பக்கம் பிள்ளைகளைத் தேட வேண்டியிருக்கிறது. அதனால் "தமிழ்நாட்டு அங்கன்வாடி" என்று மொத்தமாகப் பேசும் எதையும் நான் கொஞ்சம் தள்ளி வைத்தே கேட்பேன்.

ஜூன் மாதம் எண்ணினால் ஏமாந்து போவீர்கள்

குளத்துக்கு வாய்க்காலில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வருகிறது. மதகை வருடத்தில் ஒரே ஒரு நாள்தான் திறப்பார்கள். திறந்த மறுநாள் போய்ப் பார்த்துவிட்டு "குளம் வற்றிப்போச்சு" என்று சொன்னால் எப்படி இருக்கும்?

அங்கன்வாடி இப்படித்தான் நிரம்பிக் காலியாகிறது. பிள்ளைகள் 2 வயது முடிய முடிய, மாதத்துக்கு ஒன்று, ஆடிக்கொரு தடவை இரண்டு என்று வந்து சேருவார்கள். வெளியே போவது மட்டும் மொத்தமாக. தமிழ்நாட்டில் ஜூலை 31-க்குள் 5 வயது முடிந்தால் ஒன்றாம் வகுப்பில் சேர்க்கலாம். எனவே அந்த வயதுப் பிள்ளைகள் எல்லாரும் ஜூனில் ஒரே அலையாகப் பள்ளிக்குப் போய்விடுவார்கள். 3 வயது முடிந்தவர்களைத் தனியார் பள்ளிகள் எல்.கே.ஜி.யில் சேர்ப்பதும் அதே நேரம்தான். ஒரு வருடத்தில் பிறந்து ஒன்றாகவே நகரும் இப்படியான கூட்டத்துக்கு வயதுத் தொகுதி என்று பெயர். ஒரு தொகுதி வெளியே போய்விட்டது, அடுத்த தொகுதி இன்னும் முழுசாக உள்ளே வரவில்லை. அந்த இடைவெளிதான் ஜூன்.

மேலே சொன்ன மையத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு 11 பிறப்பு, அதில் பாதிப் பேர் அங்கன்வாடிக்கு வருகிறார்கள். ஜூனில் 15, 16 பேர் இருப்பார்கள். ஒன்றும் செய்யாமலே அடுத்த ஏப்ரலில் அது 20-க்குப் பக்கத்தில் வந்துவிடும், ஏனென்றால் ஜூலை 31-க்குப் பிறகு 5 வயது முடிகிறவர்கள் அடுத்த ஜூன் வரை அங்கேயே இருப்பார்கள். போன வருட ஏப்ரலையும் இந்த வருட ஜூனையும் ஒப்பிட்டு "நாலில் ஒரு பங்கு குறைந்துவிட்டது" என்று எழுதினால் பார்க்கத் தலைப்புச் செய்தி மாதிரி இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. ஜூனை ஜூனோடு ஒப்பிட வேண்டும்.

இன்னொரு சிக்கலும் இதே இடத்தில் ஒளிந்திருக்கிறது. தேசியக் கல்விக் கொள்கை 2020 முன்பருவக் கல்விக்கு 3 முதல் 6 வயது என்கிறது. நம் ஊரில் 5 வயதுப் பிள்ளை ஒன்றாம் வகுப்பில் சிலேட்டோடு உட்கார்ந்திருக்கிறது. 3 முதல் 6 வயதுக் குழந்தைகளைக் கீழே போட்டு வகுத்தால், பள்ளிக்குப் போய்விட்ட பிள்ளைகளையும் "முன்பருவக் கல்வி கிடைக்காதவர்கள்" கணக்கில் சேர்த்துவிடுவோம். விகிதம் இறங்கிக் காட்டும். யாரும் எதையும் இழந்திருக்க மாட்டார்கள்.

சுருக்கமாக: எண்ணும் மாதம் மாறினால் எண்ணிக்கை மாறும், எடுத்துக்கொள்ளும் வயது மாறினால் விகிதம் மாறும்.

பூட்டிய வீடு

பகுதியில் எத்தனை பிள்ளைகள் என்பது எப்படித் தெரியும்? 2011-க்குப் பிறகு 2021-ல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அந்த ஆண்டு நடக்கவில்லை. மாநகராட்சிப் பிறப்புப் பதிவேட்டைப் பார்க்கலாமே என்பார்கள். அது நம் ஊருக்குச் சரிவராது, ஏனென்றால் பிறப்பு எந்த ஊரில் நடந்ததோ அந்த ஊரில்தான் பதிவாகும். தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்குப் போவது நம் வழக்கம். திருப்பூரில் வளரும் பிள்ளையின் பிறப்பு தேனியில் பதிவாகியிருக்கும். திருப்பூர் பெரிய ஆஸ்பத்திரியில் பிறந்தது என்று பதிவானது பல்லடம் பக்கத்துக் கிராமத்துப் பிள்ளையாக இருக்கும்.

ஆகவே கடைசியில் கைகொடுப்பது பணியாளர் வீடுவீடாகப் போய் எழுதும் கணக்கெடுப்புப் பதிவேடுதான். இப்போது போனில் போஷன் டிராக்கர் செயலியிலும் ஏற்றுகிறார்கள், ஆனால் ஏற்றுவதற்கு முன்னால் யாராவது அந்தப் படியேறிக் கதவைத் தட்டியாக வேண்டும்.

நான் சித்தியோடு போன ஒரு காம்பவுண்டு இன்னும் கண்ணில் நிற்கிறது. ஒரே தகரக் கூரைக்குக் கீழே எதிரெதிராகப் பன்னிரண்டு லைன் வீடு, நடுவில் ஒரு தண்ணீர்த் தொட்டி, கொடி முழுக்கக் காயும் பனியன் துணி. நாங்கள் போனது காலை பதினொரு மணி. ஒன்பது வீடு பூட்டிக் கிடந்தது. கடைசி வீட்டுப் பாட்டி திண்ணையில் உட்கார்ந்து பிசிறு வெட்டிக்கொண்டே சொன்னார்:

"டீச்சரம்மா, இந்த நேரத்துல வந்தா யாரு இருப்பா? ரெண்டு பேருமே கம்பெனிக்குப் போயிட்டாங்க. மூணாவது வீட்டுப் பையன் விருதுநகர்ல அவங்க அப்பத்தாகிட்ட இருக்கானுங். அஞ்சாவது வீட்டுல வடக்கத்திக்காரங்க, ஒரு பொட்டப்புள்ள இருக்கு. அத உள்ள விட்டுப் பூட்டிட்டுப் போறாங்களான்னு கூடத் தெரியல."

சித்தி அந்த ஐந்தாவது வீட்டு ஜன்னல் பக்கம் போய் மெதுவாகத் தட்டினார். உள்ளே சத்தமில்லை. பதிவேட்டில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டுக்கொண்டார். அன்று இரவு ஒன்பது மணிக்கு, ஒன்றரை ஷிப்ட் முடிந்து ஆட்கள் வீடு வந்த பிறகு, அவரே மறுபடி போனார். அதற்கு அவருக்குப் பயணப்படியும் இல்லை, கூடுதல் சம்பளமும் இல்லை. ஒடிசாவிலிருந்து வந்த குடும்பம். மூன்றரை வயதுப் பெண் குழந்தை. பகலில் அம்மாவோடு கம்பெனிக்கே போய், துணிப் பொதிகளுக்கு நடுவில் தூங்குகிறது. பக்கத்தில் மையம் இருப்பதே அவர்களுக்குத் தெரியவில்லை, தெரிந்தாலும் ரேஷன் கார்டு கேட்பார்கள் என்று பயந்திருக்கிறார்கள்.

அந்த இரவு சித்தி போகாமல் இருந்திருந்தால் அந்த வீடு "குழந்தை இல்லை" என்றுதான் ஏறியிருக்கும். அழைப்புப் பட்டியலில் பெயரே இல்லாத பிள்ளை வராமல் போனால் அது எந்த விகிதத்திலும் தெரியாது! பட்டியல் சின்னதாக ஆக ஆகச் சேர்க்கை விகிதம் அழகாகத்தான் காட்டும். இங்கேதான் எனக்கு ஆத்திரமாக வரும். நூற்றுக்கு நூறு என்று எழுதியிருக்கும் மையத்தைப் பார்த்தால், அந்த ஏரியாவில் பூட்டிய வீடுகளை என்ன செய்தார்கள் என்றுதான் முதலில் கேட்கத் தோன்றும்.

விருதுநகர் பையனையும் மறந்துவிட வேண்டாம். திருப்பூர் மாதிரி ஊரில் வேலை செய்யும் வயதினர் நிறையப் பேர், பிள்ளைகள் அந்த அளவுக்கு இல்லை. தென்மாவட்டக் கிராமங்களில் தாத்தா பாட்டியும் பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள், நடுவில் உள்ள தலைமுறை இல்லை. 800 பேருக்கு 33 பிள்ளை என்று நான் போட்ட சராசரி இந்த இரண்டு ஊருக்குமே பொருந்தாது.

எத்தனை பேர் என்பதோடு, யார் யார்

மக்கள்தொகைக் கூறு என்பார்கள். மொத்தத்தில் ஆண் எத்தனை, பெண் எத்தனை, எந்தச் சமூகம், வீட்டில் என்ன மொழி, அப்பா அம்மா என்ன வேலை என்று பிரித்துப் பார்ப்பதுதான் அது. இதிலும் ஒரு கண்கட்டு உண்டு.

ஒரு பகுதியில் 40 பிள்ளைகள். 10 பேர் பட்டியல் சாதியினர், 30 பேர் மற்றவர்கள். எல்லாரும் அங்கன்வாடிக்கு வந்தால் அங்கே பட்டியல் சாதிப் பிள்ளைகள் 25 சதவீதம். அடுத்த சில வருடத்தில் அந்த 30 பேரில் 20 பேர் வேன் வைத்துத் தனியார் பள்ளிக்குப் போகிறார்கள். மீதம் 10-ம் 10-ம். இப்போது 50 சதவீதம். புதிதாக ஒரு பட்டியல் சாதிக் குடும்பம்கூட அந்தத் தெருவுக்கு வரவில்லை, அந்த 10 பேர் அப்படியே அதே 10 பேர். ஆனாலும் "அது அவங்க பால்வாடி" என்று ஒரு பேச்சு கிளம்பும். அந்தப் பேச்சைக் கேட்டு இன்னும் நான்கு குடும்பம் விலகும். விகிதம் மறுபடி ஏறும். பேச்சே அடுத்த வருடக் கணக்கை எழுதுகிறது. அதை நான் என் தெருவிலேயே பார்த்திருக்கிறேன், அதை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

மையம் எங்கே கட்டப்பட்டிருக்கிறது என்பதும் இதே கூறுகளை மாற்றும். ஊருக்குள் இருந்தால் காலனிப் பிள்ளைகள் வரத் தயங்குவார்கள். காலனியில் இருந்தால் ஊர்ப் பிள்ளைகளை அனுப்ப மாட்டார்கள். பட்டியல் சாதி, பழங்குடிக் குடியிருப்புகள் எல்லாவற்றிலும் சீக்கிரம் அங்கன்வாடி வர வேண்டும் என்று 2004-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதை இந்த அனுபவத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 2006 டிசம்பரில் இன்னொன்றும் சொன்னது: மையமே இல்லாத குடியிருப்பில் 6 வயதுக்குக் கீழ் 40 குழந்தைகள் இருந்து மக்கள் கேட்டால், மூன்று மாதத்துக்குள் மையம் தர வேண்டும். கேட்பதற்கு அந்த 40 பேரின் பட்டியல் கையில் இருக்க வேண்டும் என்பதைக் கவனியுங்கள். பூட்டிய வீடுகளை விட்டுவிட்டு எண்ணினால் 40 வராது.

எண்ணிக்கை, வயது, மாதம் இவற்றோடு, யார் விலகினார்கள் என்பதையும் பார்த்தால்தான் மீதம் இருப்பவர்களைப் பற்றிப் பேச முடியும் என்பதே இந்தப் பகுதியில் சொல்ல வந்தது.

உங்கள் தெருவில் கேட்டுப் பார்க்க

பக்கத்து மையத்துக்குப் போங்கள், பத்து மணிக்கு மேல், பிள்ளைகள் வந்து சேர்ந்த பிறகு. டீச்சரிடம் மரியாதையாகக் கேட்டால் சொல்வார்கள். அவர்களுக்கும் இதைக் கேட்க ஆள் வருவது அபூர்வம். உங்கள் சேவைப் பகுதி எதிலிருந்து எது வரை, அதில் 2 வயதிலிருந்து 5 வயது வரை எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் இங்கே, எத்தனை பேர் தனியார் பள்ளியில், எத்தனை பேர் எங்குமே போகவில்லை. கடைசியாகக் கேட்டதற்கு வரும் பதிலில் கொஞ்சம் நின்று நிதானமாகப் பேசுங்கள். தனியாருக்குப் போன பிள்ளைக்கு ஏதோ ஒரு வகுப்பறையும் டிபன் பாக்ஸும் இருக்கிறது. எங்குமே போகாத பிள்ளைக்கு மதியச் சோறும் இல்லை, எடை பார்ப்பாரும் இல்லை. அரசு நடுநிலைப் பள்ளி வளாகத்தில் உள்ள மையம் என்றால் எல்.கே.ஜி. எந்தப் பதிவேட்டில் வருகிறது என்றும் கேளுங்கள், 2019 ஜனவரியில் இப்படி 2,381 மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. ஆரம்பித்தார்கள், ஒரே பிள்ளை இரண்டு இடத்தில் எண்ணப்படவும் கூடாது, எங்குமே எண்ணப்படாமல் போகவும் கூடாது.

அந்த ஒடிசாப் பெண் குழந்தை மறுவாரமே வந்துவிட்டது. முதல் பத்து நாள் யார் என்ன சொன்னாலும் சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தது. பொங்கலுக்குப் பிறகு நான் போனபோது, தட்டைத் தூக்கிக்கொண்டு சித்தியிடம் வந்து, "டீச்சர், முட்டை?" என்றது. நல்ல கொங்குத் தமிழ் இழுப்போடு.